ஸ்லீட் ஆற்று வளைவில் ஹெஸ்டர்

ஹார்த்வெயிட்டில் நான் தபால் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், காலை வேளைகளில் ஹெஸ்டர் கியர்டன் என்னை முந்திக்கொண்டு மேட்டில் ஏறுவாள். நான் வேனில், அவள் காலில். பாதை அவ்வளவு மோசம், அவள் கால் அவ்வளவு நல்ல கால்.

அவளுடைய இருபது வயதுகளில் எங்கள் பள்ளத்தாக்கிலேயே அவளை முந்த ஆளில்லை. ஆல்ப்ஸ் மலையில் நடக்கும் ஓட்டத்துக்கு நாட்டின் அணியில் சேரும்படி அழைப்பும் வந்தது. அதே கோடையில்தான் அவள் கணவன் ஆல்வினின் குவாட் பைக், மலையில் ஓட்டுகிற நாலு சக்கர வண்டி, சரிவில் கவிழ்ந்து அவன்மேல் விழுந்தது. ஆல்வின் கற்சுவர் கட்டுகிறவன். காரையோ மண்ணோ இல்லாமல், வெறும் கல்லை அடுக்கியே மலையில் ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்புவான். அதன்பின் இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்வே இல்லை. ஹெஸ்டர் ஆல்ப்ஸுக்குப் போகவில்லை.

"போகாதேன்னு நான் சொல்லவே இல்லையே," என்பான் ஆல்வின். உண்மைதான். அவன் சொல்லவில்லை.

அதிலிருந்து இருபது வருஷத்துக்கு மேல் அவள் ஓடியது ஒரே சுற்றுப்பாதையில்தான். பின்வாசலில் கிளம்பி ஆட்டுப்பட்டியைத் தாண்டுவாள். ஹெதர் புதர் மண்டிய, மரமே இல்லாத மேட்டில் ஏறி, உச்சியில் இருக்கும் கற்குவியலைத் தொட்டுவிட்டு, கறுப்புச் சேற்றில் சறுக்கியபடி ஆற்றுக்கு இறங்குவாள். பிறகு ஆற்றோரமாகவே வந்து பலகைப் பாலம் ஏறினால் வீடு. வேறு வழியே இல்லையா என்றால், நிறைய உண்டு. ஆனால் இந்தப் பாதைதான் ஆல்வினின் ஜன்னலிலிருந்து தெரியும். சக்கர நாற்காலியில் பைனாகுலரோடு உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டே இருப்பான். அவன் கண்ணுக்கு அவள் மறைவது ஆல்டர் மரங்கள் அடர்ந்த அந்த ஆற்று வளைவில் மட்டும்தான். சரியாக அங்கே வரும்போதுதான் அவள் இடுப்புப் பையில் போன் அடிக்கும். தலையணை நழுவிவிட்டது என்பான். ரொட்டி தீர்ந்துவிட்டது என்பான்.

எங்கள் ஓட்டக் கிளப்பில் வாய்த்துடுக்கு அதிகம். ஒரு நாள் ஒருவன் கேட்டுவிட்டான்: "ஏய் ஹெஸ், உன்னைக் கட்டியிருக்கற கயிறு எவ்வளவு நீளம்?" எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான். வீட்டில் இறக்கிவிட நான் வேனை ஓட்டிக்கொண்டு போனபோது, பாதி வழியிலேயே நிறுத்தச் சொல்லி இறங்கி, மிச்ச தூரத்தை ஓடியே போனாள்.

ஒரு அக்டோபர் சனிக்கிழமை. முந்தின நாள் பூராவும் மேட்டில் மழை. பக்கத்து வீட்டு டக்கி ஹர்ட் ரக்பி பார்க்கிற சாக்கில் ஆல்வினுக்குத் துணையாக வந்து உட்கார்ந்தான். ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டிருந்த ஹெஸ்டரிடம் ஆல்வின் சொன்னான்: "போயிட்டு வா, போயிட்டு வா. நான் எங்க ஓடிடப்போறேன்?" எப்போதும் சொல்வதுதான்.

உச்சிக்குப் போய் இறங்கி வந்தால், ஆற்றோரப் பாதை தண்ணீருக்குள் கிடந்தது. வளைவில் ஒரு பழைய சுவர் கரையிலிருந்து ஆற்றுக்குள்ளே இறங்கும். அதன் நடுவே இடிந்து கிடந்த இடத்தில் கால் வைத்து ஏறித் தாண்டப் பார்த்தாள். சுவர் சரிந்தது. பெரிய கல் ஒன்று உருண்டு வந்து அவள் வலது கணுக்காலைக் கீழே இருந்த கல்லோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. கல்லைத் தள்ளினாள், மேலேயிருந்து இன்னும் இரண்டு கல் சரிந்தது. தண்ணீர் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. போன் இருப்பதே நினைவுக்கு வராமல் கத்தினாள். ஆற்றின் இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அப்போது போன் அடித்தது.

அவள் எடுக்கவில்லை. இதை அவளே பிறகு என்னிடம் சொன்னாள். கை பைக்குப் போனது, பெயரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது. கல் பிடித்திருக்கும்போதும் இந்தப் போன் விடமாட்டேன் என்கிறதே என்று தோன்றியதாம். நின்று, மறுபடியும் அடித்தது. எடுக்கவில்லை. தண்ணீர் தொடைக்கு ஏறியபோது மூன்றாவது முறை அடித்தது. எடுத்தாள்.

"எங்கதான் இருக்க? டக்கி குறட்டை விட்டுத் தூங்கறான், டீ போட்டுத் தர ஆளில்ல."

"ஆல்வின், கால் மாட்டிக்கிச்சு. சுவர் சரிஞ்சிருச்சு. தண்ணி ஏறுது."

அந்தப் பக்கம் டிவி சத்தம் சட்டென்று நின்றது.

"எந்தச் சுவர்?"

"வளைவுல. ஆத்துக்குள்ள இறங்குமே, அது."

"ராப்சன் கட்டினதா! நாசமாப் போறவன். அன்னிக்கே சொன்னேன், அது சுவரே இல்ல, குப்பைன்னு."

"ராப்சனை அப்புறம் திட்டு, ஆல்வின்!"

"சரி, சரி, இரு." பிறகு ஏதோ பறந்து போய் உடையும் சத்தம். "டக்கி! எழுந்திருடா தடியா! கடப்பாரையை எடுத்துக்கிட்டு ஆத்து வளைவுக்கு ஓடு! ஹெஸ், கேக்குதா? பெரிய கல்லைத் தூக்கப் பாக்காத. தூக்கினா மேல இருக்கறது மொத்தமும் உன்மேல வரும். கையைத் தண்ணிக்குள்ள விடு. அடியில பொடிக்கல்லா இருக்கும். இருக்கா?"

"இருக்கு."

"ஆத்துப் பக்கம் இருக்கறதை மட்டும் உருவு. உன் பக்கத்துல இருக்கறதைத் தொடாத."

"கை மரத்துப்போச்சு. முடியல."

"வாயில வச்சு ஊது. ஊதிட்டு மறுபடி விடு. நான் வச்சிடமாட்டேன். இங்கதான் இருக்கேன்."

ஒவ்வொன்றாக உருவினாள். நகம் பெயர்ந்தது. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் பேசிக்கொண்டே இருந்தான். ஒரு கட்டத்தில் பெரிய கல் லேசாக அசைந்தது. "அசையுது!" என்றாள். "இப்ப ஆத்துப் பக்கமாத் தள்ளு. மொத்த உடம்பையும் குடுத்துத் தள்ளு!" கல் புரண்டு தண்ணீரில் விழுந்தது. அவள் கையூன்றிக் கரைக்குத் தவழ்ந்தாள்.

டக்கி வீட்டுச் செருப்போடு, ஒரு கையில் கடப்பாரையோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பாலம் தாண்டினான். ஆல்வின் நாற்காலியை உருட்டிக்கொண்டு வெளிவாசல் வரை வந்து, சேற்றில் சக்கரம் புதைந்து, மழையில் நனைந்துகொண்டிருந்தான்.

கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரே அறையில் இரண்டு பேரும், ஒருவர் நாற்காலியில், இன்னொருவர் சோபாவில். ஆல்வினை அத்தனை சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. அவளுக்குப் பிஸ்கட் நீட்டுவான், குறுக்கெழுத்துப் புதிரில் விடை கேட்பான். தபால் வாங்க ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்த ஹெஸ்டர் தணிந்த குரலில், "எனக்கு மூச்சு முட்டுது," என்றாள். உயிரைக் காப்பாற்றியவன் மேல் கோபப்படக்கூட அவளுக்கு இப்போது வழியில்லை.

ஜனவரியில் ஒரு மத்தியானம் தாங்க முடியாமல் அவனிடம் சொல்லிவிட்டாள். "ரெண்டு தடவை நீ கூப்பிட்ட. எனக்குக் கேட்டுச்சு. எடுக்கல."

"தெரியும்," என்றான் ஆல்வின், டிவியைப் பார்த்தபடியே. "வேணும்னேதான் அந்த வளைவுல வச்சுக் கூப்பிடுவேன். மத்த இடத்துல நீ தெரியற. அங்க மட்டும் இல்லாம போயிடற. அப்படியே போயிட்டா?"

"ஒவ்வொரு தடவையும் திரும்பித்தானே வந்தேன்?"

"வந்த. ஒவ்வொரு தடவையும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்த. அதையும் பைனாகுலர்லதான் பாத்தேன்."

அன்று இரண்டு பேருமே சாப்பிடவில்லையாம்.

வசந்தத்தில், டவுனில் உள்ள ஒரு பராமரிப்பு இல்லத்தில் ஒரு வாரம் தங்க ஆல்வினே கேட்டு ஏற்பாடு செய்துகொண்டான். காலையில் அவனுக்கு உடை மாட்டிவிட வரும் பராமரிப்புப் பெண்ணிடம், "என் பொண்டாட்டிக்கு என்னைப் பாத்து அலுத்துப்போச்சு," என்று சொன்னானாம், பாதி விளையாட்டாக.

அந்த வாரம் மேற்குக் கடலோர மலையில் நடந்த ஓட்டத்துக்கு ஹெஸ்டரைக் கூட்டிக்கொண்டு போனேன். கால் இன்னும் சரியாகவில்லை. கூட்டத்தின் நடுவில் எங்கேயோ ஓடி முடித்தாள். முன்பின் தெரியாத பெண்களோடு நின்று சூப் குடித்தாள். யாரும் அவளிடம் ஆல்வின் எப்படியிருக்கிறான் என்று கேட்கவில்லை. ராத்திரி அங்கேயே தங்குவதாகத் திட்டம். "வீட்டுக்குப் போலாம்," என்றாள்.

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. அதான்."

ஞாயிற்றுக்கிழமை போய் அவனை அழைத்து வந்தாள். அங்கே போட்ட குழம்பு கழுநீர் மாதிரி இருந்தது என்று அவன் ஊர் முழுக்கச் சொன்னான். ஆனாலும் மறுவருஷமும் போனான். அதற்கடுத்த வருஷமும் போனான். வருஷத்தில் அந்த ஒரு வாரம் அவளுடையது. மிச்ச நாளெல்லாம் அதே மேடு, அதே ஆறு.

ஒரு நாள் தபாலைக் கொடுக்கும்போது கேட்டேன்: "அந்த ஒரு வாரம் போதுமா, ஹெஸ்?"

யோசிக்கவே இல்லை. "போதாது," என்றாள். உள்ளே ஆல்வின் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். தபாலை வாங்கிக்கொண்டு போனாள்.