ஆயிரம் பேருக்கான கேலரி

கூடைப்பந்து மைதானத்துக்குக் கேலரி கட்டித் தருவேன் என்று சொல்லித்தான் கல்லூரியில் விளையாட்டுச் செயலாளராக ஜெயித்தேன். 'ஆட்டம் பார்க்க ஆயிரம் பேர் வருகிறார்கள்' என்று மராமத்து இலாகாவுக்கு மனுவும் போட்டேன். அதை நம்பி, ஒரு போட்டியன்று ஓவர்சியர் ஒருவர் வந்துவிட்டார்.

ஒல்லியான மனிதர். சட்டைக் காலரின் பின்னால் குடை தொங்கியது. எதைக் கண்டாலும் முதலில் சாணால் அளந்துவிட்டுத்தான், மலையாளம் கலந்த தமிழில் பேசுவார். என் தோளைக்கூட அளந்தார்.

மைதான ஓரத்தில் ஏழு பேர் நின்றார்கள். அவர்களில் இருவர் கிழக்கேகோட்டை பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்.

"ஏ பிள்ளே, ஆயிரம் பேருன்னு எழுதியிருக்கியே, பாக்கி ஆளுவ எங்க டே?"

"உட்கார எடமில்லன்னு போயிட்டாங்க சார்."

"நீயும் களிக்கப் போறியா?"

"ஆமா சார், ரெண்டாம் பாதியில ஆடுறேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்போ அவனுவ போனது எடமில்லாம இல்ல, கேட்டியா!"

நான் இறங்கியதும் ஐந்து பேர் கிளம்பினார்கள். மற்ற இருவருக்கும் பஸ் வந்துவிட்டது. அவர் மட்டும், "எறி டே! கூடை அங்க இருக்கு டே!" என்று கடைசிவரை நின்றபடியே கத்தினார்.

கேலரி கிடைக்கவில்லை. அடுத்த தேர்தலில் மண்ணைக் கவ்வினேன். ஆனால் அவர் வந்துபோன ஒரு மாதத்தில் மைதான ஓரத்துக்கு ஒரேயொரு பெஞ்சு வந்தது. மறு போட்டியில் அதன் நடுவில் அவரே உட்கார்ந்திருந்தார்.

"மறுபடி அளக்கணுமா சார்?"

"இல்ல டே, களி பாக்க வந்தேன்."

அந்தப் பெஞ்சை எங்களுக்காகப் போட்டாரா, தமக்காகவா, தெரியாது. நான் ஆடுவதை ஒருமுறை பார்த்த பிறகும் மறுமுறை வந்தவர் அவர் ஒருவர்தான்.