வாசலில் தண்ணீர், கூடவே வைஃபை

ஏர்வாடிக்குப் பக்கத்தில் நண்டுக்கறி ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் நான் நெட்வொர்க் பொறுப்பாளர். படித்தது வரலாறு. பிரிண்டரில் சிக்கிய தாளை ஒருநாள் கிழியாமல் உருவிவிட்டேன். மறுநாளிலிருந்து கம்ப்யூட்டர், கேபிள், ரூட்டர் எல்லாம் என் தலையில். சாம்ராஜ்யங்கள் சரிந்த காரணங்களைப் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவனுக்குப் பொருத்தமான வேலைதான் என்று தேற்றிக்கொண்டேன்.

எங்கள் நண்டை வாங்குவது ஒரே ஒரு வெளிநாட்டு நிறுவனம். குளிர்அறையின் வெப்பநிலை அலுவலக வைஃபை வழியாகத்தான் பதிவாகும். வெளியாள் புகுந்து அந்த எண்ணை மாற்றினால் கெட்ட நண்டும் நல்ல நண்டாகிவிடும். ஆகவே நெட்வொர்க்கைச் சோதிக்க ஆடிட்டர் வருவார், தேறாவிட்டால் கொள்முதல் நிற்கும் என்று கடிதம் வந்தது. நின்றால் நண்டு உடைக்கும் பெண்கள் அறுபது பேருக்கும் வேலை இல்லை. எனக்கும்தான்.

பன்னிரண்டு பக்கத்தில் பாதுகாப்புக் கொள்கை எழுதினேன். முகவுரை மட்டும் மூன்று பக்கம். பாஸ்வேர்டு பதினாறு எழுத்து. எனக்கே பார்த்துத்தான் அடிக்க வரும்.

ஆடிட்டர் சென்னைக்காரர். வாட்ச்மேன் அவரை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்தார். வெயிலில் வந்தவரை வாய்விட்டுக் கேட்கவிடுவது எங்கள் பக்கத்தில் மரியாதைக் குறைவு. செம்பில் தண்ணீர் கொடுத்தார். கூடவே, பாஸ்வேர்டு எழுதிய அட்டையையும் நீட்டினார். வாசலில் இருக்கும் வருகைப்பதிவு டேப்லெட்டுக்காக அதை வாட்ச்மேனுக்கு எழுதிக்கொடுத்தவன் நான்.

பன்னிரண்டு பக்கங்களோடு நான் ஓடிவருவதற்குள் ஆடிட்டர் தன் லேப்டாப்பில் எங்கள் குளிர்அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு கேட்டாராண்ணே?" என்றேன் வாட்ச்மேனிடம்.

"கேக்கல சார். கேட்டப்புறம் குடுத்தா அது என்ன உபசாரம்?"

"லாரி டிரைவருகளுக்கும் குடுத்தீகளா?"

"பின்னே? ஐஸ் ஏத்துற வரைக்கும் அவுக சும்மாவா உக்காந்திருப்பாக? தண்ணிக்கும் கொள்கை எழுதியிருந்தீகன்னா சொல்லுங்க, நிப்பாட்டிருவோம்."

ஆடிட்டர் லேப்டாப்பை மூடினார். "பதினைஞ்சு நாள் தர்றேன்," என்றார்.

குளிர்அறையைத் தனிக் கேபிளுக்கு மாற்றினேன். உப்புக்காற்றில் பிளக்கில் பச்சைக் களிம்பு பூக்கும் என்பதால் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். பாஸ்வேர்டை மாற்றி, யாருக்கும் கொடுப்பதில்லை என்று வாட்ச்மேனிடம் எழுதி வாங்கினேன். கையெழுத்துப் போடும்போது அவர் முகத்தைப் பார்த்தால், பெற்ற தகப்பனுக்குச் சோறு போடமாட்டேன் என்று நான் எழுதி வாங்கியதுபோல் இருந்தது.

பதினாறாம் நாள் ஆடிட்டர் வந்து, வேண்டுமென்றே பாஸ்வேர்டு கேட்டார்.

"குடுக்கக் கூடாதுன்னு உத்தரவுங்க," என்று தரையைப் பார்த்துச் சொன்னார் வாட்ச்மேன்.

ஆடிட்டர் மதியம்வரை என்னென்னவோ வழியில் முயன்றார். உள்ளே புக முடியவில்லை. தேறிவிட்டதாக அறிக்கை எழுதி, அதை அங்கேயே அனுப்பப் பார்த்தார். அவர் போனில் சிக்னல் இல்லை. எழுந்து வெயிலில் இங்கும் அங்கும் நடந்தார்.

வாட்ச்மேனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. தன் போனை எடுத்து நாற்காலி மேல் வைத்தார்.

"இங்கன உக்காந்து அனுப்புங்க சார். ஹாட்ஸ்பாட் போட்டிருக்கேன். இது கம்பெனிது இல்ல, என் சொந்தம்."

"பாஸ்வேர்டு?"

"அதெல்லாம் வைக்கலீங்க."

ஆடிட்டர் என்னைப் பார்த்தார். நான் கடல் பக்கம் பார்த்தேன். அவர் சற்று யோசித்துவிட்டு உட்கார்ந்தார். அறிக்கை போய்ச் சேர்ந்தது. மறுநாள் அறுபது பேரும் நண்டு உடைக்க வந்தார்கள்.