தலை தீபாவளிக்குச் சொல்லிவிட்ட சாப்பாடு

எங்கள் வீட்டில் தீபாவளி என்றால் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும்தான். வேறு எதையும் யோசித்ததே கிடையாது. பரளச்சிப் பக்கத்து மானாவாரிக் காட்டை நம்பிய குடும்பம் எங்களுடையது. வருஷம் முழுக்கக் கம்பும் குதிரைவாலியும்தான் உலையில் வேகும். இட்லிக்கு ஊறப்போடுவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும். முதல் நாளே ஊரில் நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரு ஆட்டை வாங்கி அறுத்து, கறியைப் பனையோலையில் கூறு வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். எங்கள் அய்யா தன் கூறை வாங்கிக்கொண்டு வரும்போதே அம்மா மிளகாயும் மல்லியும் அரைக்க உட்கார்ந்துவிடுவாள். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு அந்தக் குழம்பில் இட்லியைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிடுவோம். அதுதான் தீபாவளி.

அந்த வழக்கத்தை என் அய்யா ஒரே ஒரு வருஷம் மாற்றினார். என் தலை தீபாவளிக்கு.

அறுபதுகளின் நடுவில், அரிசிக்கு ஊரே அலைந்துகொண்டிருந்த காலத்தில், எனக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை அருப்புக்கோட்டையில் நூல் கடை வைத்திருந்த குடும்பம். வீட்டில் மாமனார், என் கணவர், அவருடைய அக்கா. மாமியார் இல்லை. என் கணவர் சிறு பிள்ளையாக இருந்தபோதே இறந்துபோனாராம். அக்காவுக்குக் கல்யாணமாகி, அந்த மனிதர் வேறு ஊரில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டதால், பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார். தம்பியை வளர்த்தது அவர்தான். நான் அவரை மதினி என்று கூப்பிட்டேன்.

அந்த வீட்டில் முதல் சில நாட்கள் நான் அழுதுகொண்டே இருந்தேன். டவுன் வீடு, தறிச் சத்தம், தெருக்குழாயில் தண்ணீருக்கு வரிசை. எதுவும் பழகவில்லை. மதினிதான் பக்கத்தில் உட்கார்ந்து தலை வாரிவிடுவார். பூ வாங்கி வைத்துவிடுவார். ஒரு நாள் நான் சாப்பிடாமல் படுத்திருந்தபோது, சோற்றை உருட்டி என் வாயில் ஊட்டிவிட்டார்.

"ஏத்தா, நானும் ஒருத்தியாக் கெடந்து தவிச்சவதான். ஒனக்கு என்ன வேணும்னாலும் எங்கிட்டக் கேளு. கூடப் பெறந்தவளா நெனச்சுக்க."

அப்படித்தான் நினைத்தேன். எனக்கு அக்கா தங்கை கிடையாது. கடவுள் தாமதமாக ஒரு அக்காவைக் கொடுத்திருக்கிறார் என்று அம்மாவிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

கல்யாணம் நடந்தது ஆவணிக் கடைசியில். உடனே புரட்டாசி பிறந்துவிட்டது. மாதம் முடியும்வரை அந்த வீட்டில் கவிச்சி கிடையாது. எந்த நாளும் ஆண்களுக்குப் பரிமாறுவது மதினிதான். புதுப்பெண்ணான நான் அடுப்படியில் அரைப்பதும் நறுக்குவதுமாக இருந்தேன். என் கணவர் எதை விரும்பிச் சாப்பிடுவார், எதை ஒதுக்குவார் என்று எனக்குத் தெரிய வழியே இல்லை.

ஐப்பசி பிறந்ததும் அய்யா வெற்றிலை பாக்கு, பழத்தோடு தலை தீபாவளிக்கு அழைக்க வந்தார். மாமனாரிடம் பேசிவிட்டு, கிளம்பும்போது என்னை வாசல் பக்கம் கூப்பிட்டார்.

"தாயி, மாப்பிள்ளைக்கு என்ன பிடிக்கும்னு கேட்டுச் சொல்லு. நம்ம வீட்டுல வழக்கமா செய்யறது அவுகளுக்கு ஒத்துக்குமோ என்னமோ. டவுனுல வளந்தவுக."

"நாளைக்குக் கேட்டுச் சொல்லிவிடுறேன் அய்யா."

அன்று கடையிலிருந்து வந்ததும் என் கணவரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அதெல்லாம் எனக்கு என்ன தெரியும்? அக்காகிட்டக் கேளு, அவளுக்குத்தான் தெரியும்" என்றார்.

மறுநாள் ஆட்டுரலில் மாவாட்டிக்கொண்டே மதினியிடம் கேட்டேன். அவர் உளுந்தைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். கையை எடுத்து முந்தானையில் துடைத்தார். பிறகு ரொம்பப் பிரியமாகச் சொன்னார்:

"அவென் ஆட்டுக்கறி தொட மாட்டான்த்தா. வாடையே ஆகாது. கோழின்னா உசுரு. நல்ல நாட்டுக்கோழியாப் பாத்து அடிக்கச் சொல்லு. காலையில இட்லி கிட்லி வேணாம், இடியாப்பம் அவிச்சுத் தேங்காப்பால் ஊத்தினா எவ்வளவு வச்சாலும் திம்பான். பலகாரத்துக்குச் சீனி போட்டுராதீக. கருப்பட்டிதான்."

எதிர்த்த வீட்டுக்காரர் எங்கள் ஊர்ப் பக்கம் போகிறார் என்று கேள்விப்பட்டு, அவர் மூலம் அய்யாவுக்குச் சொல்லிவிட்டேன். ஒன்றுகூட விட்டுப்போய்விடக் கூடாது என்று அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

கரிசல் காட்டில் தென்னை ஏது? தேங்காய்க்காக அய்யா அருப்புக்கோட்டைச் சந்தைக்கே வந்திருக்கிறார். வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. கையில் மிச்சக் காசு இல்லை, சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று, தேங்காய் மூட்டையோடு பஸ் ஏறிப் போய்விட்டார். இதெல்லாம் அம்மா பிறகு சொன்னது. அம்மா முட்டைக்காக வளர்த்துக்கொண்டிருந்த கோழிகளில் இரண்டையும், கோயிலுக்கென்று விட்டிருந்த சேவலையும் ஒதுக்கி வைத்தாள். சாமிக்கு அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், மாப்பிள்ளைக்கு அடுத்த தலை தீபாவளி வராதே என்றாளாம். ஊரில் ஆடு அறுத்தபோது எங்களுக்குக் கூறு வேண்டாம் என்று அய்யா சொல்லிவிட்டார்.

தீபாவளிக்கு முதல் நாள் நாங்கள் போய் இறங்கினோம். மழை பெய்து கரிசல் சகதி காலை விடாமல் பிடித்தது. பஸ் நின்ற இடத்துக்கு அய்யா வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். மாப்பிள்ளை செருப்பில் சேறு படக் கூடாதென்று வண்டிக்கும் ரோட்டுக்கும் நடுவில் சாக்கை விரித்துப் போட்டிருந்தார்.

காலையில் எண்ணெய்க் குளியல் முடிந்து, புது வேட்டியோடு என் கணவர் இலையில் உட்கார்ந்தார். பூப்போல இடியாப்பம். அம்மா தேங்காய்ப் பாலை ஊற்றப் போனாள். அவர் கையை இலைக்குக் குறுக்கே வைத்தார்.

"வேண்டாம் அத்தை. சட்னி எதும் இருக்கா?"

சட்னி இல்லை. அம்மா ஓடிப்போய்ப் பருப்புப்பொடி கொண்டுவந்தாள். பொடியைத் தொட்டு ஒரு இடியாப்பம் சாப்பிட்டார். கருப்பட்டிச் சுழியனை எடுத்து முகர்ந்துவிட்டு வைத்துவிட்டார். குளித்த உடம்புக்குப் பசி எடுக்கவில்லை போலும், மத்தியானம் சாப்பிடுவார் என்று அய்யா சமாதானம் சொன்னார்.

மத்தியானம் நெல்லுச்சோறு, கோழிக் குழம்பு, கோழி வறுவல், ரசம், மோர். அவர் நேராக ரசத்துக்கு வந்தார். அடுத்து மோர். குழம்புக் கிண்ணம் அப்படியே இருந்தது. அய்யா தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு இலைக்கு எதிரே நின்றார். அவர் துண்டைக் கையில் எடுத்து நின்று நான் பார்த்தது நிலவரி வாங்க வருபவர் முன்னால் மட்டும்தான்.

"மாப்பிள்ளை, எதும் குறையா இருந்தா மனசுல வச்சுக்கிடாதீக. பட்டிக்காட்டுச் சமையல்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா. வயிறு சரியில்ல."

சாயங்காலம் பக்கத்து வீட்டுச் சித்தப்பா, புது மாப்பிள்ளையைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். அது வழக்கம்தான். கொஞ்ச நேரத்தில் சித்தி எங்கள் வீட்டுச் சுவரோரம் வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, ஒங்க மாப்பிள்ளைக்கு ஆட்டுக்கறின்னா என்னா பிரியம்! காலையில மிச்சமான இட்லியச் சுட வச்சுக் குழம்பு ஊத்தினேன். கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாரு. எலும்பைக் கூட விடலை. நீங்க வீட்டுல சோறு போடலையாக்கா?"

கடைசியில் சொன்னதை விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அதற்குள் வாசலில் இரண்டு பெண்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா உள்ளே வந்து என்னைப் பார்த்தாள்.

"ஆட்டுக்கறி தொட மாட்டாருன்னு நீதானத்தா சொல்லிவிட்ட?"

"மதினி சொன்னாகம்மா."

அம்மா நம்பினாளா என்று தெரியவில்லை. கட்டின புருஷன் என்ன தின்பான் என்று தெரியாத ஒரு பெண்ணைப் பெற்றுவிட்டோமே என்பது போலப் பார்த்தாள். அய்யா, தொடாத குழம்பைக் கூலிக்காரர்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பச் சொல்லிவிட்டுத் தொழுவத்துப் பக்கம் போய்விட்டார். நாங்கள் யாரும் அன்றைக்கு அந்தக் கோழியைச் சாப்பிடவில்லை.

மறுநாள் திரும்பும்போது பஸ்ஸில் என் கணவரிடம் கேட்டேன்.

"கோழி ஒங்களுக்குப் பிடிக்காதா?"

"சின்னதுல கோழி தின்னு காய்ச்சல்ல கெடந்தேன். அதுல இருந்து தொடறதில்ல. தேங்காப்பாலும் கொமட்டும். அக்காவுக்குத் தெரியுமே."

"மதினிதான் இதெல்லாம் செய்யச் சொன்னாக."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆச்சரியப்படுவார், கோபப்படுவார் என்று நினைத்தேன். லேசாகச் சிரித்தார்.

"இலையப் பாத்ததுமே நெனச்சேன், அக்கா வேலையாத்தான் இருக்கும்னு."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

"தெரிஞ்சும் எங்கய்யா நின்னு மன்னிப்புக் கேக்க விட்டீகளா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்றது? என் அக்கா பொய் சொல்லிட்டான்னா? அவள ஒங்க வீட்டுல வச்சு விட்டுக் கொடுக்கச் சொல்றியா?"

வெளியே மழைக்குப் பச்சை பிடித்த பருத்திக் காடுகள் போய்க்கொண்டே இருந்தன. எனக்கு மதினி மேல் வந்த கோபத்தைவிட, பக்கத்தில் தோளுரசி உட்கார்ந்திருந்த மனிதர் மேல்தான் நெஞ்சு கசந்தது. ஒருத்தி பொய் சொன்னாள். இன்னொருவர் அந்தப் பொய்யை இலையில் பார்த்தே தெரிந்துகொண்டு, என் அய்யா தலை குனிவதைப் பார்த்தபடி மோரை ஊற்றிச் சாப்பிட்டார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது கறிக்குழம்பு வாசம் வந்தது. மதினி இட்லி அவித்து வைத்துக் காத்திருந்தார். "தம்பி வயிறு வாடிப் போயிருப்பான்" என்று சொல்லித் தட்டை வைத்தார். என் கணவர் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார். "அக்கா கைப் பக்குவம் யாருக்கும் வராது" என்று என் முன்னாலேயே சொன்னார். நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் கடைக்குப் போன பிறகு மதினியிடம் நேராகவே கேட்டேன்.

"ஏன் மதினி அப்படிச் சொன்னீக?"

மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. முறத்தில் பருப்பைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னார்:

"எனக்குன்னு இந்த ஒலகத்துல என்ன இருக்கு, சொல்லு. நீ வந்த நாள்ல இருந்து அவென் ஒன் மொகத்தத்தான் பாக்குறான். சோறாச்சும் என் கையில ருசியாத் திங்கட்டும். ஒங்க அம்மா கையிச் சோறும் பிடிச்சுப் போச்சுன்னா நான் எங்க போவேன்?"

"அதுக்கு எங்கய்யா என்ன மதினி பாவம் செஞ்சாரு?"

அவர் கல்லைப் பொறுக்கிக்கொண்டே இருந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. அவர் சொன்னது பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். அவர் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் மனசு இரங்கத்தான் செய்கிறது. ஆனால் அன்றிலிருந்து என் தலையை நானே வாரிக்கொண்டேன். அவர் சீப்பை எடுத்துக்கொண்டு வந்து நின்றால், "வேலை கெடக்கு மதினி" என்று எழுந்துவிடுவேன். சண்டை போடவில்லை. ஒரே அடுப்படியில் பல வருஷம் சேர்ந்து சமைத்தோம். உப்பு இருக்கிறதா, விறகு இருக்கிறதா என்பதற்கு மேல் பேச்சில்லை.

நடந்ததை அடுத்த முறை ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். அய்யா கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"விடு தாயி, சோத்து விசயத்தப் பெரிசாக்காத" என்று மட்டும் சொன்னார்.

அவர் பெரிதாக்கவில்லை. ஆனால் அருப்புக்கோட்டைக்கு எங்களைப் பார்க்க வந்தால் ஒரு செம்புத் தண்ணீர் குடிப்பார், பேசிக்கொண்டிருப்பார், சாப்பிடக் கூப்பிட்டதும் "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன்" என்று எழுந்துவிடுவார். தீபாவளிச் சீர் தவறாமல் வரும். ஆனால் தீபாவளியன்று வந்து சாப்பிடுங்கள் என்று மாப்பிள்ளையை அவர் திரும்பக் கூப்பிடவேயில்லை. என் கணவருக்கு அது தெரிந்ததா, தெரிந்தும் தெரியாததுபோல இருந்தாரா, நான் கேட்கவில்லை. அவரிடம் கேட்பதையே நான் குறைத்துக்கொண்டுவிட்டேன்.

எழுபதுகளில் மாமனார் காலமான பிறகு, என் கணவர் பாளையம்பட்டியில் தனியாகக் கடை போட்டார். பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பார்த்தோம். மதினி பூர்வீக வீட்டை விட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். முதல் முறையாக எனக்கென்று ஒரு அடுப்பு. அந்த வருஷம் பொங்கலுக்கு அய்யாவையும் அம்மாவையும் வரச் சொன்னேன். வருவார்கள் என்று நம்பிக்கை இல்லை. வந்தார்கள்.

சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், மொச்சையும் பூசணிக்காயும் சேர்த்த குழம்பு, அவரைக்காய்ப் பொரியல், உளுந்து வடை. அய்யாவுக்கு இலை போட்டேன். நான் பரிமாறக் குனியும்போது என் கணவர் கரண்டியை என் கையிலிருந்து வாங்கினார். அந்த வீட்டு ஆண்கள் யாருக்கும் பரிமாறி நான் பார்த்ததில்லை.

"இன்னும் கொஞ்சம் வச்சுக்கிடுங்க மாமா" என்றார்.

"போதும் மாப்பிள்ளை."

"வடை?"

"வையுங்க."

அய்யா நிதானமாகச் சாப்பிட்டார். பஸ் நேரத்தைப் பற்றிப் பேசவில்லை. என் கணவர் கடைசிவரை நின்றே பரிமாறினார். பழைய கதையைப் பற்றி இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

கிளம்பும்போது அம்மா என்னைத் தனியே இழுத்து, "பாத்தியா, மாப்பிள்ளை மன்னிப்புக் கேட்டுட்டாரு. இனியாச்சும் மனசுல வச்சுக்கிடாத" என்றாள்.

நின்று பரிமாறியதே அய்யாவிடம் கேட்ட மன்னிப்பாக இருக்கலாம். அய்யாவும் ஏற்றுக்கொண்டிருக்கலாம். என்னிடம் அவர் கேட்கவில்லை. அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்து, மிச்சமிருந்த பொங்கலை நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். நன்றாயிருக்கிறது என்றார். சரி என்றேன்.