தண்ணீர் பக்கம் நின்ற உபதேசியார்

வேதம் மாறிவிட்டாராம். யார், வியாகுலம் உபதேசியாரா? தண்ணீர்ப் பீலியில் குடம் நிறைகிற நேரத்துக்குள் ஒரு மனுஷனுடைய விசுவாசத்தை நிறுத்துப் பார்த்து முடித்துவிடுகிற பிரியந்திக்கு இது தெரியும். அவள் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுகிற கூட்டத்துக்கும் தெரியும். கூட இருந்து பார்த்தவர்களுக்கு மட்டும் தெரியாது.

"மாரியம்மன் கோயில்ல பொங்கல் வாங்கித் தின்னாரு, என் கண்ணால பார்த்தேன்" என்கிறாள். தின்றார்தான். அவள் தின்னவில்லையா? இரண்டு தரம் வாங்கி, ஒன்றை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்தவள் அவள். அவளுடைய வேதம் மட்டும் அந்த முந்தானையிலேயே பத்திரமாக இருக்கிறதாக்கும். அந்தோனியார் கோயில் பக்கம் வருவதில்லை என்று இன்னொரு குற்றம். அது உண்மை. ஆனால் ஏன் வருவதில்லை என்பதை அந்தப் பீலியடியில் யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் சொன்னால் அன்றைக்குக் கை தூக்கினது யார் யார் என்றும் சொல்ல வேண்டிவரும்.

வியாகுலம் பகலில் தோட்டத்துத் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். வேலை முடிந்து மேல் கழுவிக்கொண்டால் அந்தோனியார் கோயில் உபதேசியார். டவுனில் இருக்கிற பங்குச் சாமி மாசத்துக்கு ஒரு தரம் வந்தால் பெரிய காரியம். மற்ற ஞாயிறுகளில் செபம் சொல்வது, மணி அடிப்பது, செத்தவர்களை அடக்குவது எல்லாம் இவர்தான். பழைய சாமி ஒருவர் மாற்றலாகிப் போகும்போது விட்டுப்போன திருச்சபைச் சரித்திரப் புத்தகங்களை எல்லாம் அட்டை கிழியக் கிழியப் படித்தவர். ரோமாபுரி ராஜாக்களைப் பற்றி மேல் லயத்து வீடுகளில் இருக்கிற மாமன் மச்சானைப் போலப் பேசுவார். கேட்காதவருக்கும் சொல்வார். அதனால் கல்யாண வீட்டில் அவர் பக்கத்து இலையில் உட்கார ஆள் கிடைக்காது. அல்லேலூயா சபைப் பாஸ்டருடன் பஸ் தரிப்பில் நின்று வாக்குவாதம் பண்ணி, பஸ்ஸை விட்டுவிட்டு, இரண்டு பேரும் ஒரே குடையில் சண்டை போட்டுக்கொண்டே டிக்கோயா வரை நடந்ததும் உண்டு. சண்டை அவருக்குச் சோறு மாதிரி. ஆனால் சோற்றை யார் முகத்திலும் வீசினதில்லை.

அப்புறம் மேர்வின் தலையெடுத்தான். இதே தோட்டத்துப் பிள்ளைதான். ஹட்டன் டவுனில் போன் கடையில் வேலை. கொழும்புக்குப் போய் ஏதோ வகுப்பு முடித்து வந்தான். வந்த கையோடு கோயில் சபைக்குத் தலைவனும் ஆனான். ஞாயிறு செபம் முடிந்ததும் 'விசுவாசப் பாதுகாப்பு வகுப்பு' நடத்துவான். அதற்கு ஒலிபெருக்கி வேறு, மலையில் உள்ள தேயிலைச் செடியெல்லாம் மனந்திரும்ப வேண்டும் என்கிற மாதிரி. விசுவாசத்தை யார் திருட வந்தது என்று கேட்டால், போனில் பார்த்த வீடியோவை அப்படியே ஒப்பிப்பான். முதலில் இதில் சந்தோஷப்பட்டது வியாகுலம்தான். பேசுவதற்கு ஆள் கிடைத்ததென்று முன் வாங்கில் போய் உட்கார்ந்தார், பாவம்.

அந்த மழைக் காலத்தில் மூன்றாம் லயத்து ஜீவராஜின் பெண்சாதி டிலுக்ஷிக்கு மாசம் முடிவதற்கு முன்பே வலி கண்டது. பிள்ளை மடுவத்தில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற நாகலெட்சுமிதான் கூடப் போனாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், திரீவீலுக்குள்ளேயே பிள்ளை பிறந்துவிட்டது. ஆண் பிள்ளை. மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

"அக்கா, தண்ணி ஊத்துங்க அக்கா. ஞானஸ்நானம் குடுங்க" என்று டிலுக்ஷி கையைப் பிடித்துக்கொண்டாள்.

நாகலெட்சுமி மாரியம்மனைக் கும்பிடுகிறவள். ஆனால் தான் வளர்த்த பிள்ளைகளின் ஞானஸ்நானம் ஒன்றையும் அவள் தவறவிட்டதில்லை; கோயிலில் பின்னால் நின்று பார்ப்பாள். போத்தல் தண்ணீரைத் தலையில் ஊற்றி, "அந்தோனி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேரால உனக்கு ஞானஸ்நானம் குடுக்கிறேன்" என்று சரியாகச் சொன்னாள். அதோடு விட்டாளா? இடுப்பில் இருந்த பொட்டலத்தைப் பிரித்து நெற்றியில் திருநீறும் பூசிவிட்டாள். ஆஸ்பத்திரி வாசல் வருவதற்குள் பிள்ளை போய்விட்டது.

ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை செத்தால் அந்தோனியார் கோயிலில் சின்ன மணி அடிப்பார்கள், காகிதப் பூ முடி வைத்து வேதக்காரர் வரிசையில் அடக்குவார்கள். பெறாத பிள்ளையை மணியில்லாமல் சவுக்கு மரத்துக்கு அந்தப் பக்கம், வேலியோரத்தில் புதைத்துவிட்டு வருவார்கள். அதுதான் இங்கே வழக்கம். டிலுக்ஷி கேட்டது அந்த மணியை மட்டும்தான். அவளுடைய தகப்பன் அடங்கிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு முழம் மண்ணும்.

கோயிலில் கூட்டம் கூடியது. பங்குச் சாமி கண்டியில், போன் எடுக்கவில்லை. நாகலெட்சுமிக்கு ஒளிக்கத் தெரியாது. திருநீற்றையும் தானே சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், மேர்வினுக்கு முகமெல்லாம் வெளிச்சம். அவளை வெளியே நிற்கச் சொன்னான்.

"ஆதி கிறிஸ்தவங்க ராஜா சிலைக்கு ஒரு சிட்டிகை சாம்பிராணி போட மாட்டோம்னு சிங்கத்துக்கு இரையானாங்க. இங்க ஒரு சிட்டிகை சாம்பல், அதுவும் நெத்தியில. இது ஞானஸ்நானமா?"

"தம்பி, தண்ணி முந்தியா திருநீறு முந்தியா?" என்றார் வியாகுலம்.

"தண்ணி முந்தி. அதனால என்ன?"

"அப்ப முடிஞ்சது. பின்னால பூசினது முன்னால ஊத்தினதைத் துடைக்காது."

"ஊத்தினது யாரு? அவங்க நம்ம ஆளா?"

"பல்கேரியான்னு ஒரு தேசம். அங்க யாரோ வேற மார்க்கத்து ஆளு நிறையப் பேருக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டான், செல்லுமான்னு ரோமாபுரிக்குக் கேட்டு விட்டாங்க. செல்லும், மறுபடி ஊத்தாதன்னு பாப்பரசரு சொல்லிட்டாரு. ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. உங்க வீடியோவுக்கு இன்னும் வந்து சேரலையா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். மேர்வினுக்கு அது பிடிக்கவில்லை.

"சாம்பிராணி போட்டவங்களைச் சபையை விட்டே தள்ளினாங்க, தெரியுமா?"

"தெரியும். பயந்து போட்டுட்டு அழுதுகிட்டு வந்தவங்களைச் சேக்கவே கூடாதுன்னு ஒரு கூட்டம் தனியாப் பிரிஞ்சு போச்சு. சுத்தக்காரங்க. அவங்க சபை இப்ப எங்க இருக்கு தம்பி, ஹட்டன்ல இருந்து பஸ் போகுதா?"

"உபதேசியாரே, நீங்க யாரு பக்கம்?"

"தண்ணி பக்கம்."

பேச்சில் ஜெயித்தார். ஜெயித்து என்ன? மேர்வின், "மணி வேணாம்னு சொல்றவங்க கை தூக்குங்க" என்றான். தூக்கினார்கள். பிரியந்தி தூக்கினாள். கிழவர் கையில் ஞானஸ்நானம் பெற்றவன், அவர் நின்று கல்யாணம் முடித்து வைத்தவன், எல்லாரும் கூரையைப் பார்த்துக்கொண்டு தூக்கினார்கள். டவுனில் வேலை பார்க்கிற சபைத் தலைவனைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் மனசில்லை. இதைத்தான் இவர்கள் வைராக்கியம் என்கிறார்கள்.

டிலுக்ஷி கீழே பாயில், பிள்ளையின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் ரோமாபுரியையும் கேட்கவில்லை, பல்கேரியாவையும் கேட்கவில்லை.

"தாத்தா, என் புள்ள எங்க இருப்பான்?"

இதற்கு ஒவ்வொரு காலத்திலும் யார் யார் என்ன சொன்னார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஒரு பகல் முழுக்கச் சொல்வார். வாயைத் திறந்தார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார். ஆயுசில் முதல் தரமாக அந்த மனுஷன் பேச்சை விட்டுவிட்டு எழுந்ததை அன்றைக்குத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

மணிக் கயிற்றுப் பக்கம் போனார்.

"அடிச்சா நாளையில இருந்து நீங்க உபதேசியார் இல்ல" என்றான் மேர்வின்.

வியாகுலம் சின்ன மணியை அடித்தார். அவசரப்படாமல், விட்டு விட்டு, ஒரு பிள்ளைக்கு அடிக்க வேண்டிய மாதிரியே அடித்தார். மலை முழுக்கக் கேட்டது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து நின்றார்களாம். அடித்து முடித்து, மடியில் இருந்த கோயில் சாவியை முன் வாங்கில் வைத்தார். காகிதப் பூ முடியைப் பெட்டி மேல் வைத்தார். "மண்வெட்டியை எடுத்துக்க, மாமனார் பக்கத்துலயே வெட்டு" என்று ஜீவராஜிடம் சொல்லிவிட்டு, டிலுக்ஷியின் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு கதவைத் தாண்டி வெளியே வந்தார். தடுக்க ஒருவரும் எழும்பவில்லை. விசுவாசத்தைக் காக்க வந்தவனுக்குக்கூடக் கிழவரின் வழியில் நிற்கத் தைரியம் வரவில்லை.

வெளியே மழை. நாகலெட்சுமி கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுவரோரமாக நின்றாள்.

"வாங்க தங்கச்சி. முன்னால நடங்க."

"நானா அண்ணே? நான் திருநீறு பூசினவளாச்சே."

"அதைப் பத்திப் போற வழியில பேசிக்கலாம்" என்றார் வியாகுலம். "குடையை விரிங்க, புள்ள நனையுது."