மர்ஸூக்கா எடுத்த கல்யாணப் படம்

லிபியாவின் யெஃப்ரன் மலையூரில் கல்யாணம் என்றால், பெண்கள் கூடும் பக்கம் எந்த ஆணும் தலைகாட்ட முடியாது. அங்கே படம் பிடிக்க இருந்த ஒரே ஆள் மர்ஸூக்கா. புருஷன் செத்ததும் அவனுடைய ஸ்டூடியோ அவள் கைக்கு வந்தது. "பொம்பளை என்னத்தைப் படம் பிடிச்சுக் கிழிக்கப் போறா" என்று வாயைக் கோணியவர்களே, தங்கள் பெண்களின் கல்யாணத்துக்கு அவள் வாசலில் வந்து நின்றார்கள். வேறு வழி? முக்காட்டை எடுத்துவிட்டு வெள்ளி நகையோடு உட்காரும் பெண்களை வெளி ஆண் பார்க்கக்கூடாது. அதனால் ஃபிலிமையும் அவளேதான் கழுவுவாள், குளியலறை ஜன்னலைக் கம்பளியால் அடைத்துக்கொண்டு. படங்களோடு நெகட்டிவையும் மணப்பெண்ணிடமே கொடுத்துவிடுவாள். ஊர் அவளை நம்பியதே அதனால்தான்.

ஸல்ஹாவின் கல்யாணத்தில் வினை வந்து சேர்ந்தது. மணப்பெண்ணுக்குப் பின்னால் தொங்கவிட மர்ஸூக்கா தன் வெள்ளைத் துணியைக் கொண்டுபோயிருந்தாள். அவள் விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, நவ்வாரா என்ற வாலு, கிண்ணத்தில் மிஞ்சிய மருதாணியை விரலில் தொட்டு அந்தத் துணியில் பெரிதாக ஓர் எழுத்தைப் போட்டுவிட்டாள். கையைத் தூக்கிக் காலை அகட்டி நிற்கும் ஆள் மாதிரியான எழுத்து. மலைக்காரர்களின் பழைய எழுத்து. கம்பளியில் நெய்தால் அது பூ வேலை, எழுதினால் குற்றம். அரசாங்கத்தைக் கேட்டால் அப்படி ஒரு மொழியே கிடையாது, லிபியாவில் இருப்பவர்கள் எல்லோரும் அரபுகள். பெண்களில் ஒருத்தி குலவையிட்டாள், கூடமே சேர்ந்து குலவையிட்டது.

துணியைத் திருப்பிப் போட்டிருக்கலாம். அந்தப் புத்தி மர்ஸூக்காவுக்கு வராமல் இல்லை. ஆனால் கேமரா வழியே பார்த்தபோது, ஸல்ஹாவின் தலைக்கு மேல் அந்த எழுத்து நின்ற அழகு அவளைக் கட்டிப்போட்டது. அழுத்திவிட்டாள். அவள் வாழ்நாளில் எடுத்த படங்களிலேயே நல்ல படம் அதுதான்.

படங்களைக் கொடுத்த மறுவாரமே ஸல்ஹாவின் மாமியார் வந்து நெகட்டிவ் கட்டை அவள் மடியில் போட்டாள்.

"எங்களுக்கு வேணாம் தாயே. படத்தையெல்லாம் அடுப்புல போட்டாச்சு. எவளோ வெளியில வாயை விட்டுட்டா."

அன்றிலிருந்து அவள் வாசலுக்கு எதிரே ஒலிவ மரத்தடியில் ஒரு வெள்ளைக் கார் நிற்கத் தொடங்கியது. அதிலிருந்து யாரும் இறங்கவில்லை. கல்யாண வீடுகள் அவளைக் கூப்பிடுவது நின்றுபோனது. ரொட்டிக்காரன்கூட அவள் முகத்தைப் பார்க்காமல் ரொட்டியை நீட்டினான்.

பிறகு ஒரு மதியம் ஃபர்ஹாத் வந்தான். நவ்வாராவின் அண்ணன், அரசாங்கத்துக்கு உளவு சொல்லும் கூட்டத்தில் சேர்ந்து பெரிய மனிதனாகியிருந்தான். நுரை ததும்பும் தேநீரை வாங்கி நிதானமாகக் குடித்தான்.

"அந்த நெகட்டிவ் உங்ககிட்டத்தானே இருக்கு, அக்கா?"

"பொம்பளைங்க படம்ப்பா. நீ பாத்தீன்னா நாளைக்கு ஊர்ல தலைநிமிந்து நடப்பியா?"

ஃபர்ஹாத் சிரித்தான். "நான் பாப்பேனா? எனக்கு அந்த மரியாதை தெரியாதா? நாளைக்குக் காலையில தங்கச்சியை அனுப்புறேன். அவ பாத்துச் சொல்லட்டும், எழுதினது யாருன்னு. ஒரு பேரு போதும்கிறாங்க. போன வருஷம் திரிப்போலிக்குக் கூட்டிட்டுப் போன வாத்தியார் இன்னும் வரலை, தெரியுமில்ல? டீ பிரமாதம்க்கா."

அவன் போனதும் மர்ஸூக்கா தீப்பெட்டியை எடுத்தாள். குச்சியைக் கிழித்தவள் அப்படியே ஊதி அணைத்தாள். பார்க்க வரப்போவது நவ்வாரா. எழுதியவளே அவள்தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வாளா? ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிடுவாள், எல்லோரும் தப்பிப்போம். எரித்தால்தான் சந்தேகம். தவிர, அந்தப் படத்தை எரிக்க அவளுக்கு மனசும் வரவில்லை.

காலையில் நவ்வாரா அந்த வெள்ளைக் காரிலேயே வந்து இறங்கினாள். உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் பிடித்துப் பார்த்தாள்.

"ஒண்ணும் புரியலைன்னு சொல்லிடுடி," என்றாள் மர்ஸூக்கா.

"எழுத்து இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும்க்கா. பேரு இல்லாம விடமாட்டாங்க. நான் சொல்லலைன்னா வேற ஒருத்தியைக் கூட்டிட்டு வந்து பாப்பாங்க."

"சரி, யாரைச் சொல்லப்போறே?"

நவ்வாரா அழத் தொடங்கினாள். "இதுல எல்லாரும் இருக்கோம். எல்லாரும் கை தட்டிட்டு, எழுத்தைத் தொடாம தள்ளித்தான் நிக்கிறோம். துணி உங்களோடது. படத்துல இல்லாத ஒரே ஆளும் நீங்கதான்க்கா."

"சொல்லிட்டியா, சொல்லப்போறியா?"

"நேத்து ராத்திரியே சொல்லிட்டேன். படமும் அதுக்கு ஒத்துப்போகுதான்னு பாக்கத்தான் அனுப்பினாங்க. என்னை மன்னிச்சிருங்க."

வெளியே கார்க் கதவுகள் திறந்து மூடின. மர்ஸூக்கா நெகட்டிவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். பெண்கள் கூட்டத்தின் கடைசியில் நவ்வாரா சிரித்துக் கை தட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் கேமராவில் விழாத மூலையில்தான் ஒதுங்கி நின்றாள். "அங்க ஏண்டி நிக்கிறே, நீயும் படத்துல வா" என்று கையைப் பிடித்து இழுத்து நிறுத்தியது மர்ஸூக்காதான்.