முப்பத்தேழு இஞ்ச் மார்பு

போன ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் இருந்தது நான்கே பேர். நான், டெய்லர் பஷீர் பாய், வேலு, வேலுவின் அக்கா அஞ்சலை. வழக்கமாக வெயிட் தூக்க வரும் ஏழு பையன்கள் விஷயம் கேள்விப்பட்டு அன்றைக்கு வரவில்லை.

விஷயம் இதுதான். போலீஸ் ஆள் எடுப்பில் வேலுவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓட்டத்தில் இல்லை. கயிறு ஏறுவதில் இல்லை. அதற்கெல்லாம் முன்பே... மார்பளவில்.

“சட்டைய கய்ட்டு பேட்டா,” என்றார் பாய். டேப்பைச் சுற்றினார். “முப்பத்தேழு. இப்ப மூச்ச நல்லா இஸ்துப் புடி.”

வேலு இழுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது.

பாய் டேப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “முப்பத்தெட்டு.”

ஒரு இஞ்ச். மூச்சை இழுத்தால் மார்பு ஐந்து சென்டிமீட்டர் விரிய வேண்டும் என்பது அங்கே சட்டம். கிட்டத்தட்ட இரண்டு இஞ்ச்.

“ஒரு வர்சமா வாரா வாரம் அளந்தியே பாய், இத்த ஏன் பாக்கல?” என்றாள் அஞ்சலை.

“நான் டெய்லரும்மா. மூச்ச வுட்டுட்டு நில்லுன்னுதான் யாருக்கும் சொல்லுவேன். தம் புடிச்சா சட்டை லூசாப் பூடும்.”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. என் வெல்டிங் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் ஷெட்தான் எங்கள் ஜிம். இரண்டு பெயின்ட் டப்பாவில் சிமெண்ட் ஊற்றி, நடுவில் பைப் செருகியது எங்கள் வெயிட். வருகிறவர்கள் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். ஞாயிறுதோறும் பாய் அளப்பார். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று... எண் ஏற ஏற எல்லோரும் கை தட்டுவோம். ஏறிய எண் போதாதா?

நான் எதற்கும் கவலைப்படுகிறவன். டப்பா கழன்று காலில் விழுமோ, எவனுக்காவது முதுகு பிடிக்குமோ என்று தூக்கம் கெட்டவன். சர்டிபிகேட்டுகளை நான்கு நான்கு ஜெராக்ஸ் எடுத்து வைத்தேன். பஸ் கிடைக்காமல் போனால் என்று வேலுவை முதல் நாளே ஆள் எடுப்பு நடந்த காஞ்சிபுரத்துக்கு ஏற்றிவிட்டேன். ஆனால் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் ஆள் எடுப்பு நோட்டீஸை எப்படிப் படிப்பேன்? மார்பளவு என்ற இடத்தில் முதல் எண்ணைப் பார்த்தேன். அதைத்தான் எப்போதோ தாண்டியாச்சே என்று, பக்கத்தில் இருந்த விரிவு எண்ணைப் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

மூச்சை இழுத்துப் பிடித்துப் பழக ஒரு மாதம் போதுமாம். நோட்டீஸ் எங்கள் கையில் இரண்டு மாதம் இருந்தது.

வேலுவின் அப்பா நெல் மூட்டை தூக்கியே இடுப்பு ஒடிந்து படுத்தவர். மூட்டையைத் தொட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டு, சாராயத்தைத் தொட்டுக்கொண்டிருந்தான் மகன். யார் முகத்தையும் பார்க்க மாட்டான். ஷெட்டுக்கு வந்த மூன்றாம் மாதம், “வூட்ல சாமான் பறக்கறது நின்னுப் போச்சு. தம்பி நல்லா தூங்கறான்,” என்று அஞ்சலையே வந்து சொன்னாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். தூக்கம் வந்தது, பசி வந்தது, தலை நிமிர்ந்தது — போதும் என்று இருந்திருக்கலாம். ‘இந்த உடம்புக்கு போலீஸ் வேலை நிச்சயம்டா’ என்று சொன்னது யார்? நான்தான். அன்றிலிருந்து அவன் தனக்காகத் தூக்கவில்லை. வேலைக்காகத் தூக்கினான்.

“அட்த்த தபா பாத்துக்கலாம்டா,” என்றேன்.

“எப்போ அண்ணே?” என்றான். சட்டையைப் போட்டுக்கொண்டு போனவன், மறுநாளிலிருந்து ஷெட்டுப் பக்கம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை நெல் மண்டி வழியாகப் போனேன். லாரியிலிருந்து இரண்டு மூட்டையை ஒன்றாக முதுகில் வாங்கிக்கொண்டிருந்தான் வேலு. பக்கத்தில் வந்தபோது சாராய வாடை. என்னைப் பார்த்தான்... பார்க்காத மாதிரி போனான்.

மேஸ்திரி பல்லெல்லாம் தெரிய என்னிடம் வந்தார். “உன் ஷெட்டுப் புள்ளயா நைனா அவன்? ரெண்டாளு வேலைய ஒர்த்தனே பாத்துக்கினு கீறான். கூலியும் ஒராளு கூலிதான். இன்னும் இந்த மாதிரி யாரனா கீறானா?”

ஏழு பேர் இருக்கிறார்கள். சொல்லவில்லை.