நூற்று எண்பத்தேழாவது பறவை

காஷ்மீர் ஈப்பிடிப்பானை நான் பார்த்துவிட்டதாக எங்கள் பறவைக் குழுவில் எல்லோரும் நம்பினார்கள். இரண்டு வருடங்களாக என் பட்டியலில் அதற்கு இலக்கம் நூற்று எண்பத்தேழு. உண்மையில் நான் அதைப் பார்த்திருக்கவில்லை.

வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. குழுவில் ஒரு கண்டிப்பான பழக்கம் உண்டு: புதிய பறவையைக் கண்டால், பறவைப் படப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே கண்டதைக் கொப்பியில் எழுதிவிட வேண்டும். அன்று தூறல். நெஞ்சு சிவந்த சின்னக் குருவி ஒன்று மூங்கிலுக்குள் மறைந்தது. நான் முதலில் புத்தகத்தைத்தான் திறந்தேன். படத்தில் சிவப்பைச் சுற்றிக் கறுப்புக் கரை இருந்தது. நான் கண்ட குருவியிலும் இருந்ததாகத் தோன்றிவிட்டது. அப்படியே எழுதிக் குழுவுக்கும் அனுப்பினேன்; வாழ்த்துகள் குவிந்தன. சில மாதங்கள் கழித்து அதே மூங்கிலில், நல்ல வெயிலில், அந்தக் குருவியை மறுபடி கண்டேன். வருடம் முழுக்க இங்கேயே இருக்கும் நீல ஈப்பிடிப்பான்.

ஆஸ்பத்திரி இயந்திரங்களைப் பரிசோதிப்பது என் தொழில். அளக்காத எதற்கும் ‘சரி’ போட்டதில்லை. இந்த ஒன்றை மட்டும் அழிக்க மனம் வரவில்லை. உண்மையான பறவையை ஒரு தடவை பார்த்துவிட்டால் யாருக்கும் எதுவும் சொல்லத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வருடம் உடவத்தகெலேக் காட்டில், குளத்தோரப் பாதையில் அது நிற்பதாகக் குழுவில் செய்தி வந்தது. மார்ச் முடிவதற்குள் வடக்கே போய்விடும். எங்கள் ஊர் அக்குறணையிலிருந்து நானா, என் அண்ணன், என்னைத் தன் த்ரீவீலரில் கூட்டிப்போனார். முதல் சனிக்கிழமை வெறுங்கை. இரண்டாவது சனிக்கிழமை மழையும் அட்டைக்கடியும். மூன்றாவது சனிக்கிழமை நின்ற இடத்தில் என்னால் நிற்கவே முடியவில்லை.

“இன்னும் வரல்லயா ஒன்ட மாப்பிள்ள?”

“மெதுவாப் பேசுங்க நானா.”

“எட்டரைக்குக் கடையத் தொறக்கணும்.”

“அஞ்சு நிமிஷம்.”

“போன கெழமையும் இதே அஞ்சு நிமிஷம்தான்.”

காற்சட்டையை மடித்து அட்டையைத் தேடிக்கொண்டிருந்தவர் திடீரென்று நிமிர்ந்தார். “அந்தா, ஒன்னு வால ஆட்டுது. அதுவா?”

குளத்துக்கு மேலே ஒரு காய்ந்த கொப்பு. முதுகு மட்டும்தான் தெரிந்தது. சாம்பல், நீலமில்லை. வாலை உயர்த்தியபோது அடியில் இரு பக்கமும் வெள்ளை. எனக்கு அதன் தொண்டை தெரிய வேண்டும். பைனாகுலரை இறக்காமல் காத்திருந்தேன்.

தள்ளி நின்ற நானாவுக்கு அதன் முன்பக்கம் தெரிந்திருக்க வேண்டும். “சொண்டுக்குக் கீழ செவப்பா...”

“சொல்லாதீங்க!”

கத்தியே விட்டேன். குருவி எழும்பியது. போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அது எங்கள் பக்கமாக வந்து, இன்னும் கிட்டவாக, நெஞ்சைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது. தொண்டையும் நெஞ்சும் செங்கல் சிவப்பு. சுற்றிவரக் கறுப்புக் கரை. பத்து எண்ணும்வரை இருந்திருக்கும்.

புத்தகத்தைத் தொடாமல் எழுதினேன். எழுத்து கோணல்மாணல், இரண்டு இடத்தில் வெட்டு. பிறகு பழைய பக்கத்தைப் புரட்டினேன். அங்கே கையெழுத்து அழகாக இருந்தது. வசனங்கள் எல்லாம் புத்தகத்தினுடையவை. இரண்டையும் ஒரே கொப்பியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்று அப்போதுதான் விளங்கியது. பழையதன் குறுக்கே கோடு போட்டுவிட்டு, இன்றைய தேதியில் புதிதாகப் பதிந்தேன்.

“அப்ப ஒன்னு கூடிட்டா?” என்று வண்டியைத் திருப்பிக்கொண்டே நானா கேட்டார்.

“இல்ல. அதே நூத்தி எண்பத்தேழுதான்.”

“மூனு சனிக்கெழம அட்டைக்கு ரெத்தம் குடுத்தது இதுக்கா?”

குழுவுக்கு எழுத வேண்டிய செய்தியைக் கட்டுகஸ்தோட்டைப் பாலம் வருவதற்குள் மூன்று தடவை எழுதி அழித்தேன். நான்காவது தடவை நாலே வரி: அன்று பிழையாகப் பதிந்தேன், புத்தகத்தை முதலில் திறந்தேன், இன்றுதான் பார்த்தேன், மன்னிக்கவும். அனுப்பிவிட்டுப் போனை மடியிலிருந்த பைக்குள் போட்டேன். அக்குறணை வரைக்கும் பதில்கள் வந்து விழ விழ அது அதிர்ந்துகொண்டே வந்தது. நான் எடுக்கவில்லை.